விமானத்தில் யார் எங்கே உட்காரலாம்? ஒரு சின்ன வரலாறு

எங்க ஊர் ஆய்க்குடியில் ரயில் ஏறணும்னாலே தென்காசிக்குத்தான் போகணும். விமானம் என்றால் கேட்கவே வேண்டாம். மதுரை, தூத்துக்குடி, இல்லைன்னா செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டித் திருவனந்தபுரம். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து ஆட்கள் வளைகுடா போவதெல்லாம் பெரும்பாலும் அந்த மலை தாண்டிய வழிதான். அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு விமானத்து சீட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். நான் இதுவரை விமானம் ஏறியதே இரண்டு தடவைதான். அந்த இரண்டாவது தடவைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

இந்தியாவில் டாடாவின் விமான சேவை தொடங்கியது 1932 அக்டோபர் 15 அன்று. கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடாவே ஓட்டி வந்தார். அங்கிருந்து மெட்ராஸ் வரை கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட். அதில் வந்தது தபால். மனிதன் உட்காருவது அப்போது பெரிய விஷயமே இல்லை. மேல்நாட்டில் பயணிகளை ஏற்றிய விமானங்களில்கூட, கனம் குறையட்டும் என்று பிரம்பு நாற்காலி போட்டிருந்தார்கள். நம்ம வீட்டுத் திண்ணையில் தாத்தா உட்கார்ந்து பேப்பர் படிப்பாரே, கிட்டத்தட்ட அதே மாதிரி. விமானம் தரையில் மோதினால் முதலில் பறப்பது நாற்காலிதான், கூடவே ஆளும்.

அங்கிருந்து இன்றைய சீட் வரை வந்த கதை நீளமானது. சுருக்கமாகச் சொன்னால், நம் எடையைப் போல 9 மடங்கு விசையைத் தாங்கினால் போதும் என்று முதலில் இருந்தது. 1988-ல் அமெரிக்காவில் புது விமான வடிவமைப்புகளுக்கு 16 மடங்கு என்று மாற்றினார்கள். மோதியபோது ஆள் பிழைத்து, சீட் பிய்த்துக்கொண்டு போய்ச் செத்த விபத்துகள் நிறைய நடந்ததுதான் காரணம்.

அதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. 90.

விமானம் தரையில் நின்று தீப்பிடித்தால், உள்ளே இருக்கிற அத்தனை பேரும் 90 நொடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். 1965-ல் அமெரிக்காவில் 120 நொடி என்று தொடங்கி 1967-ல் 90 ஆக்கினார்கள். 44 இருக்கைகளுக்கு மேல் உள்ள எந்த விமான மாதிரியையும் விற்பதற்கு முன் இதைக் காட்டியாக வேண்டும். அதுவும் இருட்டில், பாதிக் கதவுகளை மட்டும் திறந்து வைத்து. 2006 மார்ச்சில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஏர்பஸ் ஏ380 விமானத்தில் 873 பேரை ஏற்றிச் சோதித்தார்கள். 78 நொடியில் எல்லோரும் வெளியே. ஒருவருக்குக் கால் முறிந்தது.

இப்போது நமக்கு எரிச்சலூட்டுகிற அந்த அறிவிப்புகளை இந்த 90 நொடியோடு வைத்துப் பாருங்கள். "இருக்கையை நேராக்குங்கள்" என்பது பின்னால் இருப்பவர் வரிசையை விட்டு வெளியே வருவதற்காக. சாய்ந்த சீட்டுக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே இருக்கிற இடம்தான் அவருடைய வாசல். "ஜன்னல் மூடியைத் திறங்கள்" என்பது எந்தப் பக்கம் தீ எரிகிறது என்று உள்ளே இருந்தே தெரிவதற்காக. இரவில் இறங்கும்போது விளக்கை மங்கலாக்குவது கண் இருட்டுக்குப் பழகுவதற்காக. (நான் முதல் தடவை போனபோது கரண்டு மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.) ஆக, விமானத்தில் மரியாதை என்று நாம் நினைக்கிற பாதி விஷயம் மரியாதையே இல்லை. அது தீயணைப்பு விதி.

இது மனிதர்களிடம் எப்படி வேலை செய்கிறது என்று உலகத்துக்குப் புரிய வைத்தது 1985 ஆகஸ்ட் 22. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு போயிங் 737 ஓடுபாதையில் ஓடும்போதே இஞ்சின் வெடித்துத் தீப்பிடித்தது. விமானம் மேலே ஏறவே இல்லை. தரையில் நின்றது, தீயணைப்பு வண்டிகளும் வந்துவிட்டன. ஆனாலும் 137 பேரில் 55 பேர் செத்துப் போனார்கள். பெரும்பாலும் புகையில். ஒரு கதவு சிக்கிக்கொண்டது. முன்பக்க வழி குறுகலாக இருந்தது. இறக்கை மேல் உள்ள அவசர வழியை ஒட்டி இருந்த சீட் வழியை அடைத்தது.

பிறகு கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஹெலன் மியூர் என்ற உளவியல் பேராசிரியை ஒரு சோதனை செய்தார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பழைய விமானத்தில் ஆட்களை ஏற்றி, வெளியே வரச் சொன்னார். எல்லோரும் ஒழுங்காக, "நீங்க முதல்ல போங்க" என்கிற பாணியில் வந்தார்கள். அடுத்து, முதலில் வரும் பாதிப் பேருக்கு ஆளுக்கு 5 பவுண்டு தருவதாகச் சொன்னார். அவ்வளவுதான்! சீட் மேல் ஏறித் தாண்டினார்கள், ஒருவரை ஒருவர் மிதித்தார்கள், வாசலில் பிதுங்கி அடைத்துக்கொண்டார்கள். வெறும் 5 பவுண்டுக்கு. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் குற்றால சீசன் நேரத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. அந்த ஆராய்ச்சிக்குப் பிறகுதான் முன்பக்க வழியின் அகலமும் அவசர வழிப் பக்கத்து சீட் இடைவெளியும் அதிகமாயின.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்றால், நம்ம மலைக்கு அந்தப் பக்கத்துக் கதை ஒன்று. 2016 ஆகஸ்ட் 3. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் 521. பயணிகள் 282, ஊழியர்கள் 18, ஆக 300 பேர். பெரும்பாலோர் இந்தியர்கள். துபாயில் இறங்கப் போய், மறுபடி மேலே ஏற முயன்று, சக்கரம் உள்ளே மடங்கிக்கொண்டிருக்கும்போதே விமானம் ஓடுபாதையில் விழுந்து வயிற்றால் சறுக்கியது. ஒரு இஞ்சின் கழன்று போனது. தீ.

உள்ளே யாரோ எடுத்த வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். புகை நிரம்புகிறது. ஊழியர்கள் பையை விடச் சொல்லிக் கத்துகிறார்கள். நம்மவர்கள் எழுந்து நின்று மேலே இருக்கிற பெட்டியைத் திறந்து பையை இழுக்கிறார்கள். மடிக்கணினியைத் தேடுகிற குரல்கூடக் கேட்கிறது. காற்றிலும் புகையிலும் சில சறுக்குகளைப் பயன்படுத்த முடியவில்லை. 90 நொடியில் முடிய வேண்டியது பல நிமிடம் இழுத்தது. விமானம் நின்று ஏறத்தாழ ஒன்பதாவது நிமிடத்தில் எரிபொருள் தொட்டி வெடித்தது. பயணிகள் எல்லோரும் அதற்குள் இறங்கியிருந்தார்கள். கேப்டனும் மூத்த பணியாளர் ஒருவரும் மட்டும், உள்ளே யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தவர்கள், வெடித்த பிறகு குதித்துத் தப்பினார்கள். 300 பேரும் பிழைத்தார்கள். வெளியே இருந்த தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார்.

பையை எடுத்தவர்களைத் திட்ட எனக்கு முழு மனசு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து போகிறவனுக்கு அந்தப் பைக்குள்தான் பாஸ்போர்ட்டும் வேலைக் காகிதமும். அது போனால் வேலையே போய்விடும் என்ற பயம் நிஜம். ஆனால் பின்னால் நின்றவருக்கு அது பை இல்லை, பூட்டிய கதவு. டோக்கியோவில் 2024 ஜனவரி 2 அன்று எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 379 பேர். எட்டு வழிகளில் மூன்றுதான் பயன்பட்டன. பெட்டிகளுக்காக யாரும் நிற்காமல் வரிசையாக இறங்கினார்கள். 379 பேரும் பிழைத்தார்கள். (மோதிய இன்னொரு சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தது தனிச் சோகம்.)

எந்த சீட் பாதுகாப்பானது என்ற கேள்வியை இங்கே தாண்டிப் போக விட மாட்டீர்கள். 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் விமானத்தில் இருந்த 242 பேரில் பிழைத்த ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தது 11ஏ, அவசர வழி வரிசை. உடனே எல்லோரும் 11ஏ கேட்க ஆரம்பித்தார்கள். 1985-ல் ஜப்பான் மலையில் விழுந்த ஜம்போ விமானத்தில் பிழைத்த நால்வரும் பின்பக்கம் இருந்தவர்கள். அப்போது பின்சீட்டுக்கு மவுசு. ஒவ்வொரு விபத்தும் ஒவ்வொரு விதம். ராசியான சீட் என்று ஒன்று கிடையாது.

ஆனால் அந்த அவசர வழி வரிசைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. நான் சொல்ல வந்ததே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1980களில் அமெரிக்காவில் பார்வையற்றோர் சங்கத்தினர் அந்த வரிசையிலிருந்து எழுந்திருக்க மறுத்தார்கள். சிலர் கைதானார்கள். அவர்கள் வாதம் சுவாரஸ்யமானது: புகையும் இருட்டும் நிறைந்த விமானத்தில் உங்களுக்கும் கண் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, ஆனால் எங்களுக்கு அது பழக்கம். 1986-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் விமானத்தில் ஏற்ற மறுக்கக் கூடாது என்று. ஆனால் 1990-ல் வந்த விதி அவசர வழி வரிசையை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டது. அங்கே உட்காருபவர் பார்க்க, கேட்க, கதவைத் தூக்க, சொல்வதைப் புரிந்துகொள்ளக் கூடியவராக இருக்க வேண்டும். 15 வயது ஆகியிருக்க வேண்டும். உதவச் சம்மதிக்கவும் வேண்டும்.

விதி சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் அடுத்த வருடமே, 1991 பிப்ரவரி 1 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விமானம் இன்னொன்றின் மேல் இறங்கித் தீப்பிடித்தது. அவசர வழிக்குப் பக்கத்தில் இருந்த பயணி, நல்ல கை கால் உள்ளவர்தான், பயத்தில் உறைந்து போய் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசைக்காரர் ஒருவர் தாண்டி வந்து திறந்தார். அதற்குள் போன நொடிகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

இப்போது எங்க ஊருக்கு வாருங்கள். ஆய்க்குடி என்றால் பலருக்கு பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் ஞாபகம் வரும். இன்னும் பலருக்கு அமர் சேவா சங்கம். எங்க ஊர்க்காரர் எஸ்.ராமகிருஷ்ணன், என்ஜினியரிங் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூர் போனார். 1975 ஜனவரியில் அங்கே உடல்திறன் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல், விமானப்படைக்காரர். அவர் பெயரில்தான் 1981-ல் இந்தச் சங்கத்தை ராமகிருஷ்ணன் தொடங்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்க ஊர்த் தெருவில் சக்கர நாற்காலி போவது சைக்கிள் போவது மாதிரி. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனாலேயே, வெளியூரில் அதை ஓர் ஆபத்து மாதிரி பார்க்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் செரிக்கக் கொஞ்ச நாள் ஆனது.

2007-ல் சென்னை விமான நிலையத்தில், மூளை முடக்குவாதம் உள்ள உரிமைச் செயல்பாட்டாளர் ராஜீவ் ராஜன், டில்லி போகத் துணைக்கு ஆள் இல்லை என்று சொல்லி மறுக்கப்பட்டார். 2008-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் மாற்றுத்திறனாளிப் பயணிகளுக்கான விதியைக் கொண்டு வந்தது. விதி காகிதத்தில் இருந்தது. 2012 பிப்ரவரி 19 அன்று கொல்கத்தாவில் ஜீஜா கோஷ், அவரும் மூளை முடக்குவாதம் உள்ளவர், கோவாவில் ஒரு மாநாட்டுக்குப் போக ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி சீட்டிலும் உட்கார்ந்துவிட்டார். அவரை இறக்கிவிட்டார்கள். உடம்பு சரியில்லாத மாதிரி தெரிந்தது என்று பிறகு காரணம் சொன்னார்கள். மருத்துவரைக் கேட்டார்களா? இல்லை. நான்கு வருடம் கழித்து, 2016 மே 12 அன்று, உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது.

தேதியைக் கவனியுங்கள். மே 12. மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 3-ல் துபாய். அங்கே வழியை மறித்து நின்றது எந்தச் சக்கர நாற்காலியும் இல்லை. பைகள்.

2022-லும் இப்படி ஒரு ஜோடி உண்டு. மே 7 அன்று ராஞ்சியில், பதற்றமாக இருந்த ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை, மற்ற பயணிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று இண்டிகோ ஊழியர்கள் ஏற்றவில்லை. சக பயணிகளாக இருந்த மருத்துவர்களே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியும் கேட்கவில்லை. 5 லட்சம் அபராதம் விழுந்தது. ஜூலையில் விதியும் மாறியது: சந்தேகம் இருந்தால் விமான நிலைய மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணத்தை உடனே எழுதித் தர வேண்டும். அதே வருடம் டிசம்பர் 10, சென்னை. திருச்சி போகிற சின்ன விமானம். அவசர வழியை ஒட்டி உட்கார்ந்திருந்த, எந்தக் குறையும் இல்லாத ஒரு பயணி அந்தக் கதவைத் திறந்துவிட்டார். விமானம் தரையில் நின்றதால் ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றையும் மறுபடி சோதித்து, தாமதமாகக் கிளம்பினார்கள். தெரியாமல் நடந்தது என்றார்கள், மன்னிப்புக் கேட்டார், பயணம் தொடர்ந்தது. சிறுவனுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 90 நொடிச் சோதனை இருக்கிறதே, அதில் பெண்கள் இத்தனை சதவீதம், 50 வயதைத் தாண்டியவர்கள் இத்தனை சதவீதம் என்று கணக்கு உண்டு. கைக்குழந்தைக்குப் பதிலாக மூன்று பொம்மைகள்கூட உண்டு. நடக்க முடியாத ஒருவர்கூடக் கிடையாது. அவரை வைத்துச் சோதித்தே பார்க்காமல், அவரால் தாமதம் ஆகும் என்று மட்டும் எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது!

இனி என் இரண்டாவது பயணம். என் சித்தப்பாவுக்குச் சின்ன வயதில் வந்த போலியோவால் இரண்டு காலும் வராது. சக்கர நாற்காலிதான். சில வருடங்களுக்கு முன் ஒரு வேலையாக இருவரும் திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பினோம். கவுண்டரில் இருந்த பெண் டாக்டர் சர்டிபிகேட் கேட்டார். எந்த விமான நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. சித்தப்பா பதறவே இல்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். விதியின் அச்சுப் பிரதி. மடிப்பில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டியிருந்தது. எத்தனை கவுண்டரில் காட்டியிருப்பாரோ. அந்தப் பெண் படித்துவிட்டு, உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, "சாரி சார்" என்று போர்டிங் பாஸ் கொடுத்தார். பாவம், அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை போல.

எல்லோருக்கும் முன்னால் எங்களை ஏற்றினார்கள். நடைவழி சீட்டில் உட்காரப் போன சித்தப்பாவை ஜன்னல் பக்கம் மாற்றினார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர் என் கையைப் பிடித்து, "விடுல. இது சரிதான். அவசரம்னா மத்தவன் என்னத் தாண்டிப் போக முடியாதுல்லா" என்றார். அதைச் சாதாரணமாக, டீ வேண்டாம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

பிறகு விமானப் பணிப்பெண் வந்து, அவருக்கு மட்டும் தனியாக எல்லாம் விளக்கினார். அப்படித் தனியாகச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. அடுத்து எல்லோருக்குமான செயல்விளக்கம். நான் உட்பட எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிமிர்ந்தபோது சித்தப்பா பின்பக்கம் திரும்பி, விரலை நீட்டி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன சித்தப்பா எண்ணுதீங்க?"

"கதவு வரைக்கும் எத்தன வரிசைன்னு. பொகைல கண்ணு தெரியாதுல்லா, கையாலதான் தடவிப் போணும். பின்னால ஆறு, முன்னால பதினொண்ணு. நீ ஞாபகம் வச்சுக்கோல, நீதான என்னத் தூக்கணும்."

இறங்கியதும் சக்கரம் தரையைத் தொட்ட சத்தம் அடங்குவதற்குள் எல்லோரும் எழுந்து பெட்டியை இழுத்தார்கள். ஒரு பை என் தோளில் விழுந்தது. கதவு திறக்கவே பத்து நிமிடம் ஆனது. கடைசி ஆள் போன பிறகும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம், குறுகலான நாற்காலியைக் கொண்டு வரப் போனவர்கள் வருவதற்காக. காலி விமானத்தில் நான் எண்ணிப் பார்த்தேன். பின்னால் ஆறு. சரியாகத்தான் இருந்தது.